காலையில பொறி வரல, வெயில் ஏறினா வருது: அவுட்போர்டு இக்னிஷன் ஒயரிங்கும் உப்பும்

#1 வாடைக்காத்து

எல்லாருக்கும் வணக்கம். காசிமேடு. ஃபைபர் போட்டு, 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் அவுட்போர்டு (போட்டுக்குப் பின்னால மாட்டுற இன்ஜின்), 2-ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற மாடல். விடியக்காலையில இழுத்தா ரெண்டு பிளக்குலயும் பொறி இல்ல. வெயில் நல்லா ஏறினப்புறம் இழுத்தா பிடிச்சுக்குது. ஒரு தடவை ஓட ஆரம்பிச்சிட்டா கடல்ல எந்தத் தொந்தரவும் இல்ல. பிளக் ரெண்டும் புதுசு. கடையில சிடிஐ (பிளக்குக்குப் பொறி அனுப்புற எலக்ட்ரானிக் பெட்டி) போயிடுச்சு, மாத்தித்தான் ஆகணும்னு சொல்றாங்க. காசு போடுறதுக்கு முன்னாடி எதை எதைப் பார்க்கணும்? வீட்டுல சாதா மல்டிமீட்டர் ஒண்ணு இருக்கு.

#2 மேக்னெட்டோ

தம்பி, சிடிஐ இப்போதைக்கு வாங்காதீங்க. நீங்க சொல்ற அடையாளம் மூணுமே ஒரே இடத்தைத்தான் காட்டுது.

ரெண்டு சிலிண்டர்லயும் சேர்ந்தாப்புல பொறி போச்சுன்னா கோளாறு பொது இடத்துல இருக்கு. பொது இடம்னா நாலுதான்: இன்ஜினை நிறுத்துற ஒயர், ஃபிளைவீலுக்கு (கயிறு இழுத்தா சுத்துற காந்தச் சக்கரம்) அடியில இருக்கிற சார்ஜ் காயில், பல்சர் காயில், சிடிஐ. எர்த்தையும் கூட சேர்த்துக்கலாம். இதுல காலை ஈரத்துக்கு மட்டும் படுத்து, வெயிலுக்கு எழுந்திருக்கிறது பெரும்பாலும் நிறுத்துற ஒயர்தான்.

அது ஏன்னு தெரிஞ்சிக்கோங்க. சார்ஜ் காயில் கொடுக்கிற கரென்ட் சிடிஐக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல சேருது. பல்சர் காயில் சைகை கொடுத்ததும் அந்த மொத்தமும் ஒரே அடியா இக்னிஷன் காயில்ல பாயுது, பிளக்குல பொறி வருது. ஸ்டாப் பட்டன் செய்றது என்ன? சேர வேண்டிய கரென்ட்டை எர்த்துக்கு இறக்கி விடுது, அவ்வளவுதான். கார்ல சாவியைத் திருப்பினா கரென்ட் கட் ஆகுற மாதிரி இங்க கிடையாது. பட்டனை அமுக்கினா ஒயர் சேருது, சேர்ந்தா இன்ஜின் நிக்குது. அதனால பட்டனுக்குள்ள உப்புத்தண்ணி போய் ரெண்டு முனைக்கும் நடுவுல ஈரப்பாலம் போட்டுச்சுன்னா, யாரோ பட்டனை லேசா அமுக்கிப் பிடிச்சிருக்கிறதா சிடிஐ நினைச்சுக்கும்.

கயிறு இழுக்கிற வேகத்துல சார்ஜ் காயில் கொடுக்கிறதே கொஞ்சம். அதுல பாதி பட்டன் வழியா கசிஞ்சா பொறிக்கு மிச்சம் இருக்காது. வெயில் காயவச்சதும் கசிவு குறையுது, இன்ஜின் பிடிக்குது. ஓடுற வேகத்துல காயில் அள்ளிக் கொடுக்கும், அப்ப சின்னக் கசிவு பெரிசாத் தெரியாது. அதனாலதான் கடல்ல தொந்தரவு இல்லன்னு சொல்றீங்க. காயிலோ சிடிஐயோ சாகுற கேஸ் இதுக்கு நேர் எதிர்: குளிர்ல பிடிக்கும், அரை மணி ஓடிச் சூடானதும் நின்னுடும், ஆறினா மறுபடி பிடிக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். யமஹாவுல நிறுத்துற ஒயர் வெள்ளை, எர்த் கறுப்பு. வேற கம்பெனின்னா அந்த மாடலோட ஒயரிங் படத்தைப் பார்த்துக்கோங்க, கலர் மாறும். அந்த வெள்ளை ஒயர் டாப் கவருக்குள்ள புல்லட் கனெக்டர்ல (ஆணும் பெண்ணுமா செருகுற உருளை முனை) சேர்ற இடத்துல கழட்டுங்க. ரெண்டு முனையும் எதுலயும் படாம தனித்தனியா டேப் சுத்துங்க. விடியக்காலையில, படுத்துக்கிற நேரத்துலயே, இழுத்துப் பாருங்க. பொறி வந்துச்சுன்னா சிடிஐ, காயில் எல்லாம் நல்லாத்தான் இருக்கு.

பொறி பார்க்கும்போது ரெண்டு விஷயம். பிளக்கைக் கழட்டிக் கேப்புல மாட்டி, அதோட உலோக உடம்பு இன்ஜின் பிளாக்குல நல்லா ஒட்டுற மாதிரி கட்டி வச்சிட்டு இழுங்க. எர்த் இல்லாம அந்தரத்துல தொங்கவிட்டு இழுத்தா, வெளியேற வழியில்லாத அந்த வோல்டேஜ் சிடிஐயையும் காயிலையும் உள்ளுக்குள்ளயே உடைக்கும். நல்லா இருந்த சிடிஐ இப்படியும் செத்துப்போகும். ரெண்டாவது, பிளக் ஓட்டை வழியா எண்ணெய்ப்புகை பீச்சும். பொறி பார்க்கிற இடம் ஓட்டையிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

#3 ஒயரிங்_ராயபுரம்

மேக்னெட்டோ அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். ஒரே இக்னிஷன் காயில்ல இருந்து ரெண்டு பிளக்குக்கும் ஒயர் போற மாடலா இருந்தா, ரெண்டு பிளக்கையும் ஒரே நேரத்துல எர்த்துல வச்சாத்தான் சோதனை சரியா வரும். அந்த மாதிரி காயில்ல கரென்ட் ஒரு பிளக் வழியாப் போய் இன்னொண்ணு வழியாத் திரும்புது. ஒண்ணு தொங்கினா இன்னொண்ணும் படுத்துக்கும், நாம காயில் போச்சுன்னு முடிவு கட்டிடுவோம்.

சார்ஜ் காயில் வோல்டேஜை சாதா மீட்டர்ல அளந்துட்டு "கம்மியா வருது" ன்னு காயில் மாத்துறவங்க நிறைய. அது துடிப்பு துடிப்பா வர்ற கரென்ட். சாதா மீட்டர் சராசரியைத்தான் காட்டும். உச்ச வோல்டேஜ் அடாப்டர் மாட்டினாத்தான் உண்மையான அளவு தெரியும், கயிறு இழுக்கும்போதே 100 வோல்ட்டுக்கு மேல வரணும். சரியான அளவு ஒவ்வொரு மாடலுக்கும் சர்வீஸ் புக்குல இருக்கும்.

சாதா மீட்டர்ல நம்பி அளக்கக்கூடியது ஓம்ஸ். சார்ஜ் காயில் சில நூறு ஓம். இக்னிஷன் காயில் பிரைமரி 1 ஓமுக்குள்ள, செகண்டரி சில ஆயிரம் ஓம். எர்த் சோதிக்க, முதல்ல மீட்டர் முனை ரெண்டையும் ஒண்ணா வச்சு என்ன காட்டுதுன்னு பாருங்க, அதைக் கழிச்சுக்கோங்க. அப்புறம் சிடிஐயோட கறுப்பு ஒயருக்கும் பிளாக்குக்கும் நடுவுல வச்சா அரை ஓமுக்குக் கீழ வரணும்.

#4 வாடைக்காத்து

ரொம்ப நன்றி அண்ணா. இன்னிக்கு விடியக்காலையில வெள்ளை ஒயரைக் கழட்டிட்டு இழுத்தேன். ரெண்டு பிளக்குலயும் நீலப்பொறி, சத்தத்தோட. ஆனா ஒரு குழப்பம். பட்டனைத் தனியா மீட்டர்ல வச்சுப் பார்த்தேன். அமுக்காதப்ப ஓபன்னுதான் காட்டுது, அமுக்கினா 0. அப்ப பட்டன் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

#5 ஒயரிங்_ராயபுரம்

இல்ல தம்பி. மீட்டர் ஓம்ஸ்ல வைக்கும்போது அது கொடுக்கிறது ஓரிரு வோல்ட். சார்ஜ் காயில் அதே இடத்துல 100 வோல்ட்டுக்கு மேல அடிக்குது. ஓரிரு வோல்ட்டுக்குத் தாங்குற ஈரப்படலம் நூறுக்குத் தாங்காது. அதுவும் நீங்க அளந்த நேரம் வெயில் நேரமா இருந்தா கேக்கவே வேணாம். உறுதி பண்ணிக்கணும்னா பட்டனையும் அதோட ஒயரையும் இன்ஜின்ல இருந்து முழுசாப் பிரிச்சு, 250 வோல்ட் மெகர் (அதிக வோல்டேஜ் கொடுத்துக் கசிவு பார்க்கிற மீட்டர்) வச்சுப் பாருங்க. நல்ல பட்டன் பத்து மெகா ஓமுக்கு மேல காட்டும். கிலோ ஓம்ல ஆடினா அது குப்பைக்கு. மெகரை சிடிஐ பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க. உள்ள இருக்கிற டயோடு ஒரே நொடியில போயிடும்.

#6 பழவேற்காடு_படகு

தம்பி, வெள்ளை ஒயரைக் கழட்டி வச்சிட்டுத் தொழிலுக்குப் போயிடாதீங்க. பொறி வந்துச்சே போதும்னு பல பேர் அப்படியே டேப் சுத்தி விட்டுடறாங்க. அந்த ஒயரைக் கழட்டினா ஸ்டாப் பட்டன் மட்டும் போறதில்ல, கையில கட்டுற கொக்கிக் கயிறும் சேர்ந்து போகுது. கயிறு இழுபட்டு கொக்கி கழண்டா வெள்ளையும் கறுப்பும் சேர்ந்து இன்ஜின் நிக்கணும், அதுக்கும் அதே ஒயர்தான். அலைவாயில போட்டு தூக்கி அடிச்சு ஆள் விழுந்தா, ஓட்ட ஆளில்லாத போட்டு வட்டம் போட்டுக்கிட்டே திரும்பி வரும். தண்ணியில கெடக்கிறவன் மேலேயே புரொப்பல்லர் ஏறும். சோதனை முடிஞ்சதும் புது பட்டன் மாட்டுற வரைக்கும் போட்டு கரையிலயே இருக்கட்டும்.

சோதிக்கும்போது இன்ஜினை நிறுத்த சோக்கை முழுசா இழுங்க, இல்லன்னா எண்ணெய்க் குழாயைக் கழட்டுங்க.

#7 உப்பங்கழி

ஏன் காலையில் மட்டும் என்பதற்கு வேதியியல் காரணம் உண்டு. அது தெரிந்தால் எப்படித் தடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.

சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். சென்னைக் கடற்கரையில் விடியலில் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். கடல் உப்பிலோ சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது 33 சதவீத ஈரத்திலேயே தண்ணீர் இழுக்கும். நம்ம ஊரில் காற்று அவ்வளவு காய்வதே அபூர்வம். அதாவது ஒருமுறை கடல்தண்ணீர் பட்ட கனெக்டர், துணியால் எத்தனை முறை துடைத்தாலும், வெயிலில் எத்தனை நாள் வைத்தாலும், முழுதாகக் காய்வதில்லை. தண்ணீர் போகும், உப்பு இருக்கும், இரவில் அந்த உப்பு மறுபடி தண்ணீரை வரவழைக்கும்.

செம்பில் நடப்பது இன்னும் மோசம். குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரமும் ஆக்ஸிஜனும் பட்டு பச்சைக் களிம்பாக மாறும்போது குளோரைடின் ஒரு பகுதி விடுபட்டு அடுத்த அடுக்குச் செம்பைத் தின்னப் போகிறது. உப்பு தீர்ந்துபோவதில்லை. ஆகவே மேலே டேப் சுற்றினாலும், பசை பூசினாலும், உள்ளே உப்பு இருந்தால் அரிப்பு மூடிக்குள்ளேயே நடக்கும். முதலில் கழுவ வேண்டும், பிறகு காயவைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மூட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலை அத்தனையும் வீண்.

கழுவும் தண்ணீர் பற்றி வடசென்னைக்காரர்கள் தனியாக யோசிக்க வேண்டும். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது எல்லாருக்கும் தெரிந்ததே. கடலோரத் தெருக்களிலும் பல போர் தண்ணீர் வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் இன்ஜினைக் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. கையில் பிடிக்கும் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டுவது) ஒன்று வாங்கி வையுங்கள். கடல்நீரில் சுமார் 35,000 இருக்கும். குடிநீருக்கு இந்தியத் தர அளவு 500, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. 500-க்குக் கீழ் இருந்தால் இன்ஜினுக்குத் தாராளம். மெட்ரோ வாட்டர் பெரும்பாலும் போதும். காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் அளவுக்குக் கட்டிய நிலையத்தின் தண்ணீர் உங்கள் குழாயில் வந்தால் இன்னும் நல்லது. கனெக்டருக்குள் கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். ஒரு லிட்டர் பல தடவைக்கு வரும்.

#8 கொண்டல்77

டபிள்யூடி-40 அடிச்சா தண்ணியைத் தள்ளிடும்ல? நம்ம பக்கம் எல்லாரும் அதான் அடிக்கிறாங்க.

#9 உப்பங்கழி

தண்ணீரைத் தள்ளும், உப்பைக் கரைக்காது. உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. உப்பின் மேல் அடித்தால் எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் உப்பு பத்திரமாக இருக்கும். அந்தப் படலமும் மெல்லியது, இன்ஜின் சூட்டில் சில வாரத்தில் போய்விடும். நல்ல தண்ணீரில் கழுவிய பிறகு மிச்ச ஈரத்தை விரட்ட அடியுங்கள், அதற்கு நல்ல பொருள். நிரந்தரப் பாதுகாப்பாக எண்ணிவிடாதீர்கள்.

#10 மேக்னெட்டோ

சரி, புது ஒயர் போடுற வேலைக்கு வருவோம். இதுல அவசரப்பட்டா அடுத்த வாடைக்காத்து காலத்துல இதே விவாத இழைக்குத் திரும்பி வரணும்.

முதல்ல பழைய ஒயரை எவ்வளவு தூரம் வெட்டணும்னு பாருங்க. புல்லட் கனெக்டர்கிட்ட மேல்தோலை 1 செ.மீ உரிங்க. உள்ள இழை செவப்பா மினுக்குதா, இல்ல கரி பூசின மாதிரி கறுத்து, விரல்ல தேய்ச்சா பொடி ஒட்டுதா? கறுத்திருந்தா இன்னும் 2 செ.மீ மேல உரிங்க. உப்புத்தண்ணி இழைக்கும் இழைக்கும் நடுவுல ஊறி ஊறி மேல ஏறும், வெளித்தோல் புதுசு மாதிரியே இருக்கும். 10 செ.மீ தாண்டியும் கறுப்பு தொடர்ந்தா அந்த ஒயர் முழுசையும் தூக்கிப் போடுங்க, ஒட்டுப் போடாதீங்க. கறுத்த இழையில ஈயமும் ஒட்டாது, லக்கும் (ஒயர் நுனியில நசுக்கி மாட்டுற உலோக முனை) பிடிக்காது.

வாங்க வேண்டியது: வெள்ளீயம் பூசின செம்பு ஒயர், நிறைய மெல்லிழை இருக்கிறது, 1.5 சதுர மி.மீ, கறுப்பும் வெள்ளையும் தலா 3 மீட்டர். உள்ள பசை இருக்கிற ஹீட் ஸ்லீவ், சூடு பண்ணினா 3-க்கு-1 சுருங்கறது, 6 மி.மீ, ஒரு மீட்டர். 4 மி.மீ புல்லட் ஆணும் பெண்ணும் தலா 6. போல்ட்டு சைசுக்கு வெள்ளீயம் பூசின வளைய லக் 4. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 500 மி.லி. சிலிக்கான் டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு டியூப். ரிச்சி ஸ்ட்ரீட்ல ஸ்லீவ், ஆல்கஹால், கனெக்டர் எல்லாம் ஒரே நடையில முடிச்சிடலாம்.

ஒயர் வாங்கும்போது ஏமாறாதீங்க. வெள்ளையா இருக்கேன்னு எடுத்தா அது அலுமினியமா இருக்கலாம். செவப்பா இருக்கேன்னு எடுத்தா செம்பு முலாம் போட்ட அலுமினியமா இருக்கலாம். ஒரு இழையை எடுத்து பிளேடால சுரண்டிப் பாருங்க. மேல வெள்ளை, உள்ள செவப்புன்னா வெள்ளீயம் பூசின செம்பு, அதுதான் வேணும். உள்ளயும் வெள்ளைன்னா வச்சிட்டு வந்துடுங்க, உப்புல அது ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது.

வேலை வரிசை:

கனெக்டர் எல்லாத்தையும் பிரிச்சுப்போட்டு நல்ல தண்ணியில நைலான் பிரஷ்ஷால தேய்ங்க. டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு அலசு. அப்புறம் ஆல்கஹால்ல ஒரு அலசு, அது மிச்சத் தண்ணியை இழுத்துக்கிட்டு ஆவியாயிடும். நிழல்ல ஒரு மணி நேரம் விடுங்க. ஹீட் கன் அடிச்சு அவசரப்படுத்தாதீங்க, ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும்.

ஸ்லீவை முதல்லயே ஒயர்ல கோத்துக்கோங்க, பலரும் மறந்துட்டு மறுபடி வெட்டுவாங்க. புல்லட்டுக்கு ரெண்டு நகம் இருக்கும், முன்னால இருக்கிறது இழையைப் பிடிக்கணும், பின்னால இருக்கிறது தோலைப் பிடிக்கணும். கட்டிங் பிளேயரால நசுக்கிறது கிரிம்பிங் ஆகாது. நகம் உள்பக்கமா மடிஞ்சு இழையைக் கவ்வுற டை இருக்கிற டூல்தான் வேணும். ஒட்டு சரியான்னு பார்க்க ஒரு முனையைக் கட்டித் தொங்கவிட்டு 7 கிலோ எடையை ஒரு நிமிஷம் தாங்குதான்னு பாருங்க. 1.5 சதுர மி.மீ ஒயருக்கு அமெரிக்கப் படகுத் தர விதியும் கிட்டத்தட்ட இந்த அளவுதான் கேக்குது. கழண்டு வந்தா கரையில கழண்டு வந்ததுன்னு நிம்மதியா மறுபடி போடுங்க.

ஸ்லீவைச் சூடு பண்ணும்போது ரெண்டு ஓரத்துலயும் பசை மெல்லிசா வளையமாக் கசியணும். கசியலன்னா உள்ள காத்து வழி இருக்கு.

எர்த் போல்ட்டு: கழட்டுங்க, லக் உட்கார்ற இடத்துல பெயின்ட், வெள்ளைப் பொடி ரெண்டையும் 220 எமரியால தேய்ச்சு உலோகம் தெரிய விடுங்க. அலுமினியம்ங்கிறதால தேய்ச்ச கையோட மாட்டிடணும். லக்கு நேரா உலோகத்துல, அதுக்கு மேல பல்வாஷர், அதுக்கு மேல போல்ட்டு. இறுக்கி முடிச்சப்புறம்தான் மேல கிரீஸோ பெயின்ட்டோ. முன்னாடியே பூசிட்டு இறுக்கினா லக்குக்கு அடியில போய் உட்கார்ந்துக்கும்.

ஒயர் போற பாதையும் முக்கியம். கனெக்டருக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி ஒயர் ஒரு வளைவு கீழ இறங்கி மேல ஏறட்டும். ஒயர் வழியா ஓடி வர்ற தண்ணி வளைவோட அடியில சொட்டிடும், கனெக்டருக்கு ஏறாது. மேல பார்த்து வாய் திறந்திருக்கிற கனெக்டர் தண்ணி பிடிக்கிற கிண்ணம்தான், வாய் கீழ பார்த்தோ பக்கவாட்டுலயோ இருக்கணும்.

#11 கொண்டல்77

கிரிம்ப் பண்றதை விட ஈயம் வச்சா கெட்டியா இருக்காதா அண்ணா? ஈயம் வச்சா தண்ணியே உள்ள போகாதே.

#12 ஒயரிங்_ராயபுரம்

ஈயம் ஒயருக்குள்ள ஊறி ஏறும். எது வரைக்கும் ஏறுதோ அது வரைக்கும் ஒயர் கம்பி மாதிரி விறைச்சுடும். அவுட்போர்டு ஓயாம அதிர்ற சாமான். விறைச்ச பாகமும் வளையுற பாகமும் சேர்ற எல்லையில ஒவ்வொரு இழையா முறியும், வெளியில தோல் மூடியிருக்கிறதால தெரியாது. அதனாலதான் ஈயத்தை மட்டுமே நம்பி ஒட்டக் கூடாதுன்னு படகு ஒயரிங் விதியிலேயே இருக்கு. கிரிம்ப் பண்ணின நுனியில கொஞ்சம் ஈயம் விடுறேன்னா விடுங்க, தோல் பக்கம் ஏறாமப் பார்த்துக்கோங்க. பிளம்பிங்குக்கு விக்கிற ஆசிட் ஃபிளக்ஸ் ஒரு துளி கூட வேணாம், அது உப்பை விட வேகமாத் தின்னும். ரெசின் ஃபிளக்ஸ் மட்டும்தான்.

#13 வாடைக்காத்து

அண்ணா, சிடிஐ சாக்கெட்ல பின்னு பச்சையா பூத்திருக்கு. வீட்டுல அம்மா குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிற மாதிரி புளித்தண்ணியில ஊறவைக்கலாமா?

#14 உப்பங்கழி

களிம்பு போகும், புளியில் இருக்கும் அமிலம் அதைக் கரைக்கும். பிரச்சினை அதற்குப் பிறகுதான். குத்துவிளக்கைத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுகிறோம், சாக்கெட்டின் சந்துக்குள் தங்கும் அமிலத்தை அப்படித் துடைக்க முடியாது. கழட்ட முடிந்த பின்னுக்கு மட்டும் செய்யுங்கள்: உப்புச் சேர்க்காத புளிக்கரைசலோ வினிகரோ, ஐந்து நிமிடம். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா கலந்து அதில் முக்குங்கள், அமிலம் முறியும். பிறகு டிஸ்டில்டு வாட்டர், பிறகு ஆல்கஹால். சிடிஐயோடு ஒட்டியிருக்கும் சாக்கெட்டில் அமிலமே வேண்டாம், பிரஷ்ஷும் ஆல்கஹாலும் போதும். பச்சையைச் சுரண்டிய பிறகு அந்தப் பின் பாதியாக மெலிந்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, பின்னை மாற்றுங்கள்.

#15 கொண்டல்77

கடைசியா மேல சிலிக்கான் பேஸ்ட் அப்பிடலாமா? பாத்ரூம் ஓரத்துக்குப் போடுறது ஒரு டியூப் கெடக்கு.

#16 உப்பங்கழி

மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் செம்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள். அந்த வகை உறையும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், நாம் பாதுகாக்க நினைத்த செம்பை மூடிக்குள்ளேயே வைத்து அரிக்கும். நியூட்ரல் கியூர் என்று எழுதியிருக்கும் வகை மட்டும் ஆகும்.

#17 மேக்னெட்டோ

எம்-சீல் மாதிரி பிசைஞ்சு ஒட்டுற பசையையும் கனெக்டர் மேல அப்பாதீங்க. அது ஓட்டை அடைக்க நல்ல சாமான், ஆனா கனெக்டர்னு ஒண்ணு இருக்கிறதே கழட்டிப் பார்க்கத்தான். கடல்ல நிக்கும்போது வெள்ளை ஒயரைக் கழட்டிப் பார்க்கணும்னா உளி எடுக்கணும்.

வாசலினும் அப்படித்தான். பழக்கத்துல இருக்கு, தப்புன்னு யாரும் சொல்றதில்ல. ஆனா டாப் கவருக்குள்ள சூட்டுல உருகி ஓடிடும், பிளக் கேப்போட ரப்பரை ஊதவச்சு லூசாக்கும். சிலிக்கான் கிரீஸ் உருகாது, ரப்பரையும் ஒண்ணும் செய்யாது. அதுவும் கரென்ட் கடத்தாத சாமான்தான்ங்கிறதை நினைவு வச்சுக்கோங்க. பின்னுல அரிசி அளவு தொட்டு மாட்டினா, உலோகம் உரசுற இடத்துல கிரீஸ் ஒதுங்கிடும், சுத்தியிருக்கிற சந்தை மட்டும் அடைக்கும். அள்ளி அப்பினா வேலைக்கு ஆகாது.

பிளக் கேப்பையும் இதே கையில பார்த்துடுங்க. திருகிக் கழட்டுற மாடல்னா கழட்டி, ஒயர் நுனியில பச்சை இருந்தா 5 மி.மீ வெட்டிட்டு மறுபடி திருகுங்க. கேப்புக்குள்ள ரெசிஸ்டர் இருந்தா பொதுவா 5 கிலோ ஓம், 10 தாண்டிச்சுன்னா மாத்துங்க. இருட்டின பிறகு டாப் கவரைக் கழட்டி ஓடவிட்டுப் பார்த்தா, பொறி கசியற இடத்துல நீலமா ஊர்றது கண்ணுக்கே தெரியும். எண்ணெய்க் கசிவு இல்லன்னு முதல்ல உறுதி பண்ணிக்கோங்க, கையைத் தள்ளி வைங்க.

#18 பழவேற்காடு_படகு

மண்ணெண்ணெய் இன்ஜின்னு சொன்னதால ஒண்ணு. நிறுத்துறதுக்கு முன்னாடி சில நிமிஷம் பெட்ரோலுக்கு மாத்தி ஓடவிட்டுத்தான் நிறுத்தணும். மண்ணெண்ணெய்லயே நிறுத்தினா கார்ப்பரேட்டர்ல மண்ணெண்ணெய் தேங்கியிருக்கும், மறுநாள் காலையில குளிர்ந்த இன்ஜின் அதுல பிடிக்காது, பிளக் நனைஞ்சு போகும். பார்க்கிறவங்க பொறி இல்லன்னு ஒயரிங்கைத் தோண்டுவாங்க. பிளக்கைக் கழட்டி மோந்து பார்த்தாலே தெரிஞ்சுடும். பிளக் நம்பரும் கவனம்: என்ஜிகே பி7எச்எஸ்-10-ன்னா கடைசி 10-க்கு அர்த்தம் 1.0 மி.மீ இடைவெளி. அந்த 10 இல்லாத பி7எச்எஸ் வேற இடைவெளியில வரும். புக்குல இருக்கிற நம்பரையே போடுங்க.

#19 நங்கூரம்_திருவொற்றியூர்

அலையில போட்டு கவுந்து இன்ஜின் முழுசா முங்கிட்டா ஒயரிங்கை என்ன பண்றது? இந்த விவாத இழையிலேயே இருந்தா நல்லா இருக்கும்.

#20 மேக்னெட்டோ

முங்கினதால மட்டும் இன்ஜின் கெடறதில்ல, தூக்கினப்புறம் காத்து பட்டதும்தான் அரிப்பு ஓட ஆரம்பிக்கும். உடனே வேலை பார்க்க முடியாதுன்னா வெயில்ல காயப்போடாதீங்க. நல்ல தண்ணி நிரப்பின 200 லிட்டர் டிரம்முல முழுசா முக்கி வைங்க, மெக்கானிக் வர்ற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்.

வெளிய எடுத்ததும் பிளக் ரெண்டையும் கழட்டி, ஓட்டை கீழ பார்க்கச் சாய்ச்சுத் தண்ணியை வடிங்க. ஃபிளைவீலைக் கையால மெதுவாத் திருப்புங்க, மணல் உரசுற சத்தம் கேட்டா நிறுத்திடுங்க, பிரிச்சுத்தான் ஆகணும். உரசலன்னா சிலிண்டருக்குள்ள ஆல்கஹால் கொஞ்சம், அப்புறம் 2டி ஆயில் (2-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) ஊத்தித் திருப்புங்க. கார்ப்பரேட்டரைப் பிரிச்சுக் கழுவுங்க. கனெக்டர் ஒண்ணு விடாமப் பிரிச்சு மேல சொன்ன அலசல் மூணும். அப்புறம் அன்னிக்கே ஸ்டார்ட் பண்ணி அரை மணியாவது ஓடவிட்டு, உள்ள சூட்டுல ஈரம் போகணும்.

இதுல எல்லாரும் விடுறது ஃபிளைவீலுக்கு அடி. அங்க உப்பு தங்கினா காந்தம் துருப்பிடிச்சு உப்பி, காயிலை உரச ஆரம்பிக்கும். புல்லர் போட்டுக் கழட்டுங்க. சுத்தியலால ஷாஃப்ட் தலையில அடிச்சா காந்தம் விரிசல் விடும், பேரிங் போகும். திரும்ப மாட்டும்போது கூம்பு உட்கார்ற இடம் ரெண்டு பக்கமும் எண்ணெய்ப்பசை இல்லாமத் துடைச்சு, சாவிக்கட்டை (ஃபிளைவீல் நகராமப் பிடிக்கிற சின்ன உலோகத் துண்டு) நேரா உட்கார்ந்திருக்கான்னு பார்த்து, புக்குல இருக்கிற அளவுக்கு நட்டை இறுக்குங்க. அந்தக் கட்டை அறுந்தா பொறி வரும், நேரம் தப்பி வரும். அதைக் கண்டுபிடிக்கிறது பெரும்பாடு.

#21 நங்கூரம்_திருவொற்றியூர்

மிக்க நன்றி தலைவா. இதையெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை தடைக்காலத்துல செஞ்சா போதுமா?

#22 பழவேற்காடு_படகு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான். ஃபைபர் போட்டுக்குக் கிடையாது, அப்ப நம்ம இன்ஜின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். அக்டோபர்ல இருந்து புயல் எச்சரிக்கைன்னு கரையில கட்டிப் போடுற நாள்தான் இந்த வேலைக்கு நேரம். மழை தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, டிசம்பர் கடந்து ஒரு தடவை. தினமும் செய்ய வேண்டியது டிரம்முல நல்ல தண்ணி விட்டுப் பத்து நிமிஷம் ஓடவிடுறது. தண்ணி மட்டம் புரொப்பல்லருக்கு மேல இருக்கிற தகட்டைத் தாண்டணும், இல்லன்னா பம்பு காத்து இழுக்கும். டாப் கவருக்குள்ள பைப்பால பீச்சாதீங்க, ஈரத்துணியால துடைங்க.

சிங்க் கட்டியையும் (இன்ஜின் உலோகத்துக்குப் பதிலா தான் கரையுற துண்டு) அப்பப் பாருங்க. பாதி கரைஞ்சிருந்தா மாத்துங்க. அதுக்கு பெயின்ட் அடிச்சா கட்டி இருந்தும் இல்லாத கணக்குதான். ஒயரிங்கை அது காப்பாத்தாது, தண்ணியில முங்கியிருக்கிற அலுமினியத்துக்கு மட்டும்தான்.

#23 வாடைக்காத்து

புது பட்டன், கொக்கி சுவிட்ச், ஒயர் எல்லாம் மாட்டிட்டேன். விடியக்காலை பனியிலயே பிடிச்சுக்குது. சிடிஐ பழையதேதான். கடலுக்குப் போறதுக்கு முன்னாடி வேற எதாவது பார்க்கணுமா?

#24 ஒயரிங்_ராயபுரம்

நல்லது தம்பி. டிரம்முல ஓடவிட்டு மூணு சோதனை. பட்டனை அமுக்கினா நிக்கணும். மறுபடி ஸ்டார்ட் பண்ணிக் கொக்கியைக் கழட்டினா நிக்கணும். கொக்கி இல்லாம கயிறு இழுத்தா பிடிக்கவே கூடாது. மூணுல ஒண்ணு தவறினாலும் வெள்ளை ஒயர் எங்கயோ விட்டிருக்கு, கரையிலேயே தேடுங்க. அப்புறம் ஓடும்போதே ஒயர் கத்தையை மெதுவா ஆட்டிப் பாருங்க, சத்தம் தடுமாறினா எங்கயோ கிரிம்ப் சரியில்ல. கழட்டின பழைய பட்டனை ஸ்பேர்னு பெட்டியில போட்டு வைக்காதீங்க, அவசரத்துல யாராவது எடுத்து மாட்டிடுவாங்க.

#25 பழவேற்காடு_படகு

கொக்கி மட்டும் ஸ்பேர் ஒண்ணு போட்டுல இருக்கட்டும். இன்ஜின் ஓட்டுறவர் கொக்கியோட தண்ணியில விழுந்துட்டா, மத்தவங்க இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி அவரைத் தூக்கப் போக அது வேணும். மஞ்சளோ சிவப்போ கண்ணுக்குத் தெரியிற நூல்ல கட்டி, எண்ணெய் டேங்க் கைப்பிடியில மாட்டி வைங்க.

#26 வாடைக்காத்து

மூணு சோதனையும் சரியா வந்துச்சு அண்ணா. ஸ்பேர் கொக்கி சிவப்புக் கயித்துல கட்டி டேங்க்ல மாட்டியாச்சு.